மெமரி ஃபோமா லேடெக்ஸா? ஊட்டி குளிருக்கு எந்த ஹைபிரிட் மெத்தை

ரெண்டுமே ஹைபிரிட் தான், அடியில பாக்கெட் ஸ்பிரிங், ஒவ்வொரு ஸ்பிரிங்கும் தனித்தனி துணிப்பைக்குள்ள இருக்கும், அதனால பக்கத்துல ஒருத்தர் புரண்டா இன்னொருத்தருக்கு அவ்வளவா தெரியாது. வித்தியாசம் மேல் லேயர்ல, ஒண்ணுல மெமரி ஃபோம், இன்னொண்ணுல லேடெக்ஸ், அதாவது ரப்பர் நுரை.

ஒருக்களிச்சு படுக்குறவங்களுக்கு தோளும் இடுப்பும் கொஞ்சம் உள்ள இறங்கணும், இல்லன்னா காலையில கை மரத்துப் போயிடும். அதுக்கு மெமரி ஃபோம் அருமை, கீழ கோயம்புத்தூர்ல அக்கா வீட்ல படுத்துப் பாத்தேன், அப்படியே அணைச்சுக்குது. ஆனா இங்க ஊட்டியில, 2,240 மீட்டர் உயரத்துல, உறைபனி விழுற ராத்திரியில கதையே வேற, ஏன்னா அது உடம்புச் சூட்டுல இளகுற பொருள், ரூம் சில்லுனு இருந்தா இறுகிடும், படுத்து கொஞ்ச நேரம் கழிச்சு தான் இறங்க ஆரம்பிக்கும். போன மார்கழியில எங்க மெத்தைய அம்மா விரலால அழுத்திப் பாத்துட்டு "என்னடி, பலகையாட்டம் இருக்கு"ன்னாங்க.

லேடெக்ஸ் அந்தளவு குளிருக்கு மாறாது. அழுத்தி கைய எடுத்தா உடனே மேல வந்துடும், புரண்டு புரண்டு படுக்குறவங்களுக்கும் மல்லாந்து படுக்குறவங்களுக்கும் அது தான் வசதி. வெயிட் ஜாஸ்தி, பொதுவா விலையும் ஜாஸ்தி, ரப்பர் அலர்ஜி இருந்தா வேண்டாம். குப்புற படுக்குறவங்க ரெண்டுலயும் கெட்டியான மாடல் பாருங்க, இடுப்பு தொங்கக்கூடாது.

இந்த ஊருக்கு என் ஓட்டு லேடெக்ஸுக்கு தான். எது வாங்கினாலும் தரையில போடாதீங்க, மழை மாசத்துல அடியில பூஞ்சை பிடிச்சிரும், இடைவெளி விட்ட பலகைக் கட்டில் வேணும், வெயில் எட்டிப்பாக்குற அன்னிக்கு மெத்தைய தூக்கி நிறுத்தி வச்சிருங்க.