ரெண்டு போன், ரெண்டு கைதட்டு: முதலாண்டு லேபில் ஃபைஃபாக்ஸ் செயலி

முதலாண்டு இயற்பியல் லேபில் நாலு பேருக்கு ஒரு செட் கொடுத்தால் என்ன நடக்கும் என்பது அங்கே நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒருத்தன் ஊசலை ஆட்டுவான், ஒருத்தன் ஸ்டாப்வாட்சை அமுக்குவான், கையெழுத்து நன்றாக இருக்கிற பாவத்துக்கு ஒரு பெண் அப்சர்வேஷன் நோட்டில் எழுதுவாள், நாலாவது ஆள் அதைப் பார்த்து எழுதுவான். மூன்று வருடமும் அதே ஏற்பாடுதான். இது மாறுமா என்று பார்க்கத்தான் இந்த செமஸ்டர் ஃபைஃபாக்ஸை உள்ளே விட்டேன். ஜெர்மனியின் ஆஹன் நகரத்து ஆர்டபிள்யூடிஎச் பல்கலைக்கழகம் 2016ல் வெளியிட்ட இலவசச் செயலி இது, போனில் ஏற்கெனவே இருக்கிற மைக்கையும் முடுக்கமானியையும் அளவுகருவியாக்கிவிடுகிறது.

இதில் எனக்குப் பிடித்தது ஒலி ஸ்டாப்வாட்ச். ஒரு சத்தத்தில் ஓடத் தொடங்கி அடுத்த சத்தத்தில் நிற்கும், அவ்வளவுதான். ரெண்டு போனை 5 மீட்டர் தள்ளி வைத்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒருவர் நின்று, முதலில் இவர் தட்ட, அப்புறம் அவர் தட்ட, முதலில் தட்டியவரின் போன் மற்றதைவிடக் கிட்டத்தட்ட 0.029 வினாடி கூடுதலாகக் காட்டும். இவர் தட்டின சத்தம் அங்கே போக 5 மீட்டர், அவர் தட்டின சத்தம் இங்கே வர 5 மீட்டர், ஆக ஒலி 10 மீட்டர் போக எடுக்கும் நேரம் அது; 10ஐ அதால் வகுத்தால் ஒலியின் வேகம். தனியாள் செய்யவே முடியாத சோதனை, மற்ற ரெண்டு பேரும் தூரம் அளக்க வேண்டும், சைகை காட்ட வேண்டும், யாரும் தும்மாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதல் நாள் கூத்துதான். பக்கத்து குரூப் தட்டினால் நம் கடிகாரம் நிற்கிறது. எல்லோரையும் வராந்தாவுக்கு விரட்டினேன், எதிர் வகுப்பு ஆசிரியர் வந்து முறைத்தார். ஆனால் ஒரு குரூப்புக்கு ஒலியின் வேகம் வினாடிக்கு 390 மீட்டர் பக்கம் வந்தபோது, என்னிடம் வராமல் 350 வந்த குரூப்பிடம் போய் நின்றார்கள். வாக்குவாதம் முடிந்தபோது காரணம் தெரிந்தது: ஒருத்தன் போன் பக்கத்தில் நிற்காமல் அரை மீட்டர் உள்ளே தள்ளி நின்று தட்டியிருக்கிறான். கண்டுபிடித்தது அந்த "பார்த்து எழுதுகிற" நாலாவது ஆள்.

குறை இல்லாமல் இல்லை. ஊசல் சோதனையை இதில் செய்ய விடாதீர்கள், போனையே தொங்கவிட்டால் அலைவு நேரம் தானாக வந்துவிடும், நாலு பேரும் ஒரே திரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நல்ல போன் வைத்திருப்பவன் குரூப்புக்கு ராஜா ஆகிவிடுகிறான், அதற்காகவே வாரம் ஒருவர் போன் என்று மாற்ற வேண்டியிருக்கிறது. வேறொரு போனின் பிரவுசரில் நேரலையாகப் பார்க்கும் வசதி அருமை, ஆனால் எங்கள் கல்லூரி வைஃபை விடவில்லை, மாணவரின் ஹாட்ஸ்பாட்டில்தான் ஓடியது. ரெக்கார்டு நோட்டு? அதை இன்னும் காப்பிதான் அடிக்கிறார்கள்.

ஐந்துக்கு நாலு கொடுப்பேன். செய்து பார்க்கப் போகிறவர்கள் முந்தின நாளே தரையில் 5 மீட்டருக்குச் சாக்பீஸ் கோடு போட்டு வையுங்கள், இல்லையென்றால் இருக்கிற ஒரே டேப்புக்குச் சண்டை வரும்.