ஆல்ப்ஸ் பஸ் டூர்: முன்பணம் கட்டுவதற்கு முன்னால்

ஆல்ப்ஸ் மலைப்பக்கம் குழுவாக பஸ்ஸில் போய்வந்தவர்களின் புகார்களில், பணத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடிப்போன கதைகள் குறைவு. அடிக்கடி நடப்பது வேறு. புரோஷரில் போட்ட ஊர்களுக்கெல்லாம் பஸ் போகிறது, ஆனால் எதை நினைத்துப் பணம் கட்டினார்களோ அது கிடைப்பதில்லை. திரும்பி வந்து சண்டை போட்டால், எழுத்துப்படி எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. இந்த ஏமாற்று ஒளிந்திருப்பது இரண்டே இடத்தில்: பயணத்திட்டத்தின் வினைச்சொற்களில், அன்றைய நேரக்கணக்கில்.

முதலில் சொற்கள். "யுங்ஃப்ராவ் மலையின் அழகை ரசிக்கலாம்" என்று இருந்தால், இன்டர்லாக்கன் ஊரின் நடுவில் உள்ள புல்வெளியில் நின்று அண்ணாந்து பார்ப்பது என்று பொருள். மேலே யுங்ஃப்ராவ்யோக் நிலையத்துக்கு (3,454 மீட்டர்) அழைத்துப் போவதாக இருந்தால், "ரயில் கட்டணம் உட்பட ஏறுதல்" என்று தெளிவாக எழுதியிருப்பார்கள். டிட்லிஸ் மலைக்கும் இதே கதைதான்: எங்கல்பெர்க் ஊர் வரைக்கும் போவது ஒன்று, சுழலும் கேபிள் காரில் மேலே போவது இன்னொன்று. "போட்டோ ஸ்டாப்" என்றால் 10, 15 நிமிடம். "வழியில் காணலாம்" என்றால் பஸ் நிற்கவே நிற்காது, காட்சி எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு அதிர்ஷ்டம். நாய்ஷ்வான்ஸ்டைன் அரண்மனை "விஜயம்" என்று போட்டிருந்தால் உள்ளே போகும் டிக்கெட் உண்டா என்று கேளுங்கள். அந்த டிக்கெட்டில் நேரம் குறித்திருப்பார்கள், தவறினால் அதோடு போயிற்று. கீழே உள்ள நிறுத்தத்திலிருந்து நடந்து ஏறவே அரை மணிக்கு மேல் ஆகும், உள்ளே சுற்றிக் காட்டுவது சுமார் 35 நிமிடம். ஆகவே அங்கே ஒன்றரை மணி நேரம்தான் ஒதுக்கியிருக்கிறார்கள் என்றால் உள்ளே போகும் எண்ணமே அவர்களுக்கு இல்லை.

மாட்டர்ஹார்ன் மலையடியில் உள்ள சுவிஸ் ஊரான செர்மாட் விஷயத்தில் ஏமாந்தவர்கள் நிறைய. செர்மாட்டுக்குள் பெட்ரோல், டீசல் வண்டிகளுக்கு அனுமதி கிடையாது. பஸ் எதுவானாலும் டேஷ் என்ற ஊரோடு நின்றுவிட வேண்டும், அங்கிருந்து 5 கிலோமீட்டர், ஷட்டில் ரயிலில் சுமார் 12 நிமிடம். "செர்மாட் பகுதியில் தங்கல்" என்று விற்று டேஷில் அறை போடுகிறார்கள். டேஷிலிருந்து மாட்டர்ஹார்ன் தெரியாது! விடிகாலையில் முதல் வெயில் பட்டு அந்த மலை சிவப்பதைப் பார்க்கத்தான் இத்தனை தூரம் போகிறோம். டேஷில் தூங்கி, காலை உணவை முடித்து, ரயில் பிடித்துப் போவதற்குள் அது முடிந்துவிடும். கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. உண்மையிலேயே செர்மாட்டுக்குள் தங்க வைப்பவர், பெட்டிகள் ரயிலில் எப்படிப் போகும், நிலையத்திலிருந்து ஹோட்டலுக்கு மின்வண்டியில் யார் கொண்டுபோவார்கள் என்று திட்டத்திலேயே எழுதியிருப்பார். பெட்டியைப் பற்றி ஒரு வரிகூட இல்லையென்றால் அது பெரும்பாலும் டேஷ்தான்.

"இன்ஸ்ப்ரூக் பகுதி", "லூசெர்ன் அருகில்", "குறிப்பிட்ட ஹோட்டல் அல்லது அதற்கு இணையானது" ஆகியவையும் இந்த வகைதான். நாற்பது கிலோமீட்டர் தள்ளி, நெடுஞ்சாலை ஓரத்தில், மாலை ஏழு மணிக்கு மேல் ஊருக்குள் போகப் பஸ் கிடைக்காத இடமாக அது இருக்கலாம். ஹோட்டலின் பெயரை எழுத்தில் வாங்கி, வரைபடத்தில் ரயில் நிலையத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று நீங்களே அளந்து பாருங்கள்.

சொல்லில் தப்பித்தாலும் டூர் விற்பவர்கள் நேரத்தில் மாட்டிக்கொள்வார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 561/2006 விதிப்படி ஓட்டுநர் ஒரு நாளில் 9 மணி நேரம்தான் ஓட்டலாம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10 மணி நேரம். நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு எடுத்தே ஆக வேண்டும். இரவில் வழக்கமாக 11 மணி நேர ஓய்வு. அதாவது காலை ஏழரைக்கு வேலையில் ஏறிய ஓட்டுநர் இரவு எட்டரைக்குள் முடித்தாக வேண்டும். அந்த ஓய்வைச் சில நாட்களில் 9 மணியாகக் குறைக்க முடியும், ஆனால் டூர் முழுக்க அப்படிச் செய்ய முடியாது. சுவிட்சர்லாந்திலும் ஏறக்குறைய இதே கணக்குதான். இதெல்லாம் பஸ்ஸில் உள்ள டாக்கோகிராஃப் கருவியில் பதிவாகும், அபராதம் கடுமை. பயணியின் பாதுகாப்புக்காக உள்ள விதி இது, அதில் ஓட்டுநரிடம் கோபப்பட ஒன்றுமில்லை. தப்பு, அந்த நேரத்துக்குள் அடங்காத நாளை வரைந்து விற்றவர் மேல்.

ஒரு நாளை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். சால்ஸ்பர்க்கில் புறப்பாடு, கிராஸ்குளோக்னர் மலைச்சாலை, டோலமைட் மலைகளுக்கு நடுவே கோர்ட்டினா டாம்பெட்சோ, இரவு இன்ஸ்ப்ரூக். கேட்கவே ஆசையாக இருக்கும். மொத்தம் சுமார் 400 கிலோமீட்டர். சமவெளியில் அது ஐந்து மணி நேரத் தூரம், மலையில் அப்படி இல்லை. கிராஸ்குளோக்னர் சாலை மட்டும் 48 கிலோமீட்டர், 36 கொண்டை ஊசி வளைவு, உயரம் 2,500 மீட்டரைத் தாண்டும். பெரிய பஸ் இந்த மாதிரிச் சாலைகளில் சராசரியாக 50 கிலோமீட்டர் வேகம் போனாலே நல்லது. ஓட்டுவதற்கே 8 மணி நேரம் போய்விட்டது. ஓட்டுநரின் 13 மணியில் மிச்சம் 5. காலையில் பெட்டி ஏற்றுவது, சாப்பாடு, கழிவறை வரிசை, ஐம்பது பேர் இறங்கி ஏறுவதற்கு ஒவ்வொரு முறையும் பத்துப் பத்து நிமிடம் என்று கழித்தால், பார்ப்பதற்கு இரண்டு மணி நேரம்கூடத் தேறாது.

அப்போது என்ன நடக்கும்? மிட்டர்சில் ஊரைத் தாண்டி எங்கோ ஒரு இடத்தில் டூர் மேனேஜர் மைக்கை எடுத்து, மேலே வானிலை சரியில்லை, பாதுகாப்பு முக்கியம், வேறு வழியில் போகிறோம் என்பார். பஸ் ஃபெல்பர்டவர்ன் சுரங்கத்துக்குள் நுழையும். ஐந்து கிலோமீட்டருக்குச் சற்று மேல். அந்தப் பக்கம் வெளியே வந்தால் லியென்ஸ் ஊருக்குப் போகும் சாலை. மலைச்சாலையின் நுழைவுக் கட்டணமும் மிச்சம், நேரமும் மிச்சம். பின்னால் இருக்கிறவர்கள் பாவம் வானிலையைத் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். வானிலை உண்மையாகவே கெடுவதும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சாலை திறந்திருக்கிறதா இல்லையா என்பதை அதை நடத்துபவர்களே இணையத்தில் அன்றன்றைக்குப் போடுகிறார்கள், மேலே கேமராவும் இருக்கிறது. மேனேஜர் பேசி முடிப்பதற்குள் போனில் பார்த்துவிடலாம். திறந்திருக்கிறது என்று காட்டினால் அந்தத் திரையை நேரத்தோடு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு பணம் கேட்கும்போது அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

கோட்ஹார்ட் கணவாயிலும் இப்படித்தான். "கோட்ஹார்டைக் கடந்து" என்று எழுதிவிட்டு 16.9 கிலோமீட்டர் சுரங்கத்தில் போவார்கள். கடந்தது உண்மை, பார்த்தது விளக்கு வெளிச்சமும் சுவரும்.

இங்கே பருவத்தையும் சொல்லியாக வேண்டும். உயரமான கணவாய்கள் ஃபுர்கா, கிரிம்செல், சுஸ்டன் எல்லாம் ஏறக்குறைய ஜூனிலிருந்து அக்டோபர் வரைதான் திறந்திருக்கும். கிராஸ்குளோக்னர் மே தொடக்கத்திலிருந்து நவம்பர் தொடக்கம் வரை. ஏப்ரல் கடைசியிலும் நவம்பரிலும் பனிச்சறுக்குக்காரர்களும் இல்லை, நடைப்பயணக்காரர்களும் இல்லை என்பதால், பல கேபிள் கார்களைப் பராமரிப்புக்காக மூடிவிடுவார்கள். ஹோட்டல்களும் கடைகளும் பாதி பூட்டிக் கிடக்கும். மலிவான டூர் தேதிகள் இந்த வாரங்களில்தான் குவிந்திருக்கும். புரோஷர் படங்கள் ஜூலையில் எடுத்தவை. பனியாறு படங்கள் பழையவையாகவும் இருக்கலாம்: கிராஸ்குளோக்னர் அடியில் உள்ள பாஸ்டெர்ஸ பனியாறு வெகுவாகச் சுருங்கிவிட்டது, பார்வை மேடையிலிருந்து பார்த்தால் பனியை விடச் சாம்பல் நிறப் பாறையும் தண்ணீரும்தான் கண்ணில் படும்.

இனி, பணம் நேரடியாகக் கரையும் இடம்: "ஆப்ஷனல்", அதாவது டூர் விலையில் சேராத, தனியாகப் பணம் கட்டிப் போகும் இடங்கள். முதல் நாள் இரவோ, இரண்டாம் நாள் காலை பஸ்ஸிலோ ஒரு கவர் சுற்றிவரும். யுங்ஃப்ராவ்யோக் வேண்டுவோர் பெயர் எழுதி, ரொக்கமாக வையுங்கள், இன்றே சொன்னால்தான் இடம் என்பார்கள். இன்டர்லாக்கனிலிருந்து போய்வரக் கோடையில் முழுக்கட்டணம் 200 சுவிஸ் பிராங்குக்கு மேல், இது சாதாரணப் பயணி கொடுக்கும் விலை. 10 பேருக்கு மேல் சேர்ந்தால் குழுக் கட்டணம், அது இதைவிடக் குறைவு. கவரில் கேட்பது முழுக்கட்டணத்தையும் தாண்டியிருந்தால் இடையில் உள்ளது முழுக்க அவர்களுக்கு. யூரோவில் கேட்டால் மாற்று விகிதத்திலும் ஒரு கை வைத்திருப்பார்கள். டிக்கெட் விலையையும் சேவைக் கட்டணத்தையும் தனித்தனியாகப் போட்டு ரசீது கேளுங்கள். கேட்டாலே விலை இறங்குவது உண்டு.

இதில் இன்னும் மோசமானது, மேலே வராதவர்களின் நாள். திட்டத்தில் "ஓய்வு நாள்" என்று அழகாக எழுதியிருக்கும். பஸ் முழுக் குழுவையும் கிரிண்டல்வால்டில் இறக்கிவிட்டு மாலை வரை நிற்கும். அங்கிருந்து ஐகர்கிளெட்சர் வரை கேபிள் கார், அதன் பிறகு மலைக்குள் குடைந்த சுரங்கத்தில் பல்சக்கர ரயில். ஏற முக்கால் மணி, மேலே இரண்டு மணி, இறங்க முக்கால் மணி, காத்திருப்பு தனி. வராதவர்கள் நாலைந்து மணி நேரம் கீழே. அப்படி மாட்டினால் சும்மா உட்கார வேண்டாம். கிரிண்டல்வால்டிலேயே ஃபிர்ஸ்ட் என்ற இடத்துக்கு (2,168 மீட்டர்) வேறு கேபிள் கார் இருக்கிறது, செலவு மிகக் குறைவு, எதிரே ஐகர் மலை முழுதாகத் தெரியும். இன்டர்லாக்கனில் விட்டால் ஹார்டர் குல்ம் என்ற உச்சிக்கு ஏறும் இழுவை ரயில் 10 நிமிடம். லவுட்டர்புருன்னன் பள்ளத்தாக்கு ரயிலில் 20 நிமிடம், அங்கே 297 மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஸ்டாவுப்பாக் அருவியைப் பார்க்கக் கட்டணமே இல்லை.

மேலே போகிறவர்களும் அன்று காலை உச்சியின் நேரலைக் கேமராவைப் பாருங்கள். வெள்ளையாக மூடியிருந்தால் மேலே போயும் அதே வெள்ளைதான். மேகம் மறைத்தது என்று ரயில்காரர்கள் பணத்தைத் திருப்ப மாட்டார்கள். குழு இடம் முன்பே பதிவாகிவிட்டதால் டூர்காரர் நாளை மாற்றவும் மாட்டார். எனவே கவரில் பணம் வைப்பதை முன்னிரவில் செய்யாதீர்கள், காலை கேமராவைப் பார்த்துவிட்டு நிலையத்தில் நீங்களே வாங்கலாம். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். இதய நோய், மூச்சுத் தொல்லை உள்ளவர்களை மருத்துவரைக் கேட்காமல் ஏற்றிவிடும் கைடுகள் இருக்கிறார்கள். வயதானவர்களோடு போகிறவர்கள் இதை மட்டும் தயவுசெய்து மறக்க வேண்டாம்.

ரயில் பயணங்களிலும் பெயர் விளையாட்டு உண்டு. "பெர்னினா ரயில்" என்றால் சாதாரண உள்ளூர் ரயிலாக இருக்கலாம், கண்ணாடிக் கூரை கொண்ட பெர்னினா எக்ஸ்பிரஸ் வேறு, அதற்கு இருக்கை முன்பதிவு கட்டாயம், தனிக் கட்டணம். பாதை ஒன்றுதான், உள்ளூர் ரயிலில் ஜன்னலைத் திறந்து படம் எடுக்கும் வசதிகூட உண்டு. ஆனால் எக்ஸ்பிரஸ் விலையை வாங்கிக்கொண்டு உள்ளூர் ரயிலில் ஏற்றுவது களவு. முன்பதிவுச் சீட்டில் பெட்டி எண், இருக்கை எண் இருக்கும், அதைக் காட்டச் சொல்லுங்கள்.

சின்னச் சின்னதாகப் போகும் காசு: ஹோட்டலில் தலைக்கு, இரவுக்கு இவ்வளவு என்று உள்ளூர் வரி, அது விலையில் சேர்ந்ததா என்று கேளுங்கள். ஓட்டுநர், கைடு டிப்ஸை நாளுக்கு இவ்வளவு என்று கட்டாயமாக வசூலித்தால் அது டிப்ஸ் இல்லை, மறைத்து வைத்த விலை. கமிஷன் கடைகளில் ஒரு மணி நேரமும் ஏரிக்கரையில் இருபது நிமிடமும் நிற்கும் பஸ்ஸைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒன்று மட்டும் பலருக்குத் தெரியாது: சுவிஸ், ஆஸ்திரியா மலை ஊர்கள் பலவற்றில் தங்குபவர்களுக்கு விருந்தினர் அட்டை தருகிறார்கள், உள்ளூர் பஸ் இலவசம், சில இடங்களில் கேபிள் காருக்கும் சலுகை. குழுவுக்கு மொத்தமாகப் பதிவு போடும்போது யாரும் எடுத்துத் தருவதில்லை. அறைச் சாவி வாங்கும்போது ஹோட்டல் மேசையில் நேராகக் கேட்டுவிடுங்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வாங்கிய டூர் என்றால் 2015/2302 வழிகாட்டு நெறி உங்கள் பக்கம் நிற்கும். ஒப்பந்தத்துக்குப் பிறகு விலையை 8 சதவீதத்துக்கு மேல் ஏற்றினால் கட்டணமில்லாமல் விலகலாம். பயணத்துக்கு 20 நாளுக்குள் வந்துவிட்டால் ஏற்றவே முடியாது. ஆள் சேரவில்லை என்று ரத்து செய்வதானால், 6 நாளுக்கு மேற்பட்ட டூருக்கு 20 நாள் முன்பும், 2 முதல் 6 நாள் டூருக்கு 7 நாள் முன்பும் சொல்லியாக வேண்டும், பணம் 14 நாளில் திரும்ப வேண்டும். டூர் நிறுவனம் திவாலானால் பணத்துக்கு யார் பொறுப்பு என்ற காப்பீட்டுச் சான்றையும் கேட்டு வாங்கலாம், அது இல்லாதவரிடம் முன்பணம் கட்டாதீர்கள். சுவிட்சர்லாந்துக்குத் தனிச் சட்டம் உண்டு.

ஆனால் எந்தச் சட்டத்திலும் புகாரை அங்கேயே, அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஊர் திரும்பி எழுதும் நீண்ட கடிதத்துக்கு மதிப்புக் குறைவு. ஹோட்டல் மாறினால், சாலை மாறினால், மலை ஏற்றம் ரத்தானால் அன்றிரவே ஒரு தாளில் தேதி, நேரம், திட்டத்தில் இருந்தது, கிடைத்தது என நாலு வரி எழுதி மேனேஜரிடம் கையெழுத்துக் கேளுங்கள், நகலை நிறுவனத்துக்கு மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். கையெழுத்துப் போட மறுத்தால், மறுத்த நேரத்தை அதே தாளில் குறித்து, உடன் வந்தவர்கள் இரண்டு பேரிடம் வாங்கிக்கொள்ளுங்கள்.