எழுதப் படிக்கப் பழகும் பெரியவர்களுக்கு எது சரி: மாலை வகுப்பா, வீட்டுப் பாடமா, செயலியா?

பள்ளிக்கூடமே போகாத, அல்லது இரண்டாம் மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்ட பெரியவர் ஒருவர் ‘நானும் படிக்கணும்’ என்று வாய்விட்டுச் சொல்வதே பெரிய விஷயம். சொன்ன பிறகு வீட்டில் எழும் கேள்வி, எங்கே அனுப்புவது என்பது. என் அம்மாவுக்காக மூன்று வழிகளையும் பார்த்தோம்: கைப்பேசிச் செயலி, வீட்டிலேயே நான் சொல்லிக்கொடுப்பது, பொதுக் கூடத்தில் நடக்கும் மாலை வகுப்பு. அம்மா இப்போது வகுப்புக்குத்தான் போகிறார். என் சாய்வும் அந்தப் பக்கம்தான்.

எல்லோருக்கும் தெரிந்த வித்தியாசங்களைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். செயலிக்கு நேரம் காலம் கிடையாது. வீட்டுப் பாடத்தில் முழுக் கவனமும் ஒருவர் மேலேயே இருக்கும். வகுப்பென்றால் கிளம்பிப் போக வேண்டும், பத்துப் பேரோடு உட்கார வேண்டும். செலவைப் பொறுத்தவரை மூன்றிலும் பெரிய வேறுபாடு இல்லை; சமூக வகுப்புகள் பெரும்பாலும் தன்னார்வலர்களால் நடப்பவை.

என் முடிவைத் தீர்மானித்தது வேறு ஒன்று: நடுவில் விட்டுப்போனால் திரும்பச் சேர்வது எவ்வளவு சுலபம்?

பெரியவர்களின் படிப்பு விட்டுவிட்டுத்தான் நடக்கும். வேலை நேரம் மாறும், வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போகும், கல்யாணம் காட்சி வரும். ஒரு மாதம் போனதே தெரியாது. தமிழில் எழுத்துகள் 247. உயிரும் மெய்யும் நன்றாகப் பதிந்தாலும், உயிர்மெய்க் குறிகள் கைக்குப் பழகுவதற்குள் இடைவெளி விழுந்தால் முதலில் மறப்பவை அவைதான். ‘கொ’வில் கொம்பு முன்னால் வந்து கால் பின்னால் வரும், ‘கை’யில் குறி முன்னால் நிற்கும், ஒலி பின்னால் வரும். இடையில் விட்டவருக்கு இவையெல்லாம் ஒரே குழப்பமாகத் தெரியும். அந்த நேரத்தில் யார் என்ன செய்கிறார்கள் என்பதில்தான் படிப்பு தொடர்வதும் நிற்பதும்.

செயலி என்ன செய்கிறது? நினைவூட்டல் அனுப்புகிறது, அதுவும் எழுத்தில். படிக்கத் தெரியாதவருக்கு ‘படிக்க வாருங்கள்’ என்று எழுத்தில் செய்தி வந்தால் அதை யார் வாசித்துச் சொல்வது? கடவுச்சொல், ஓடிபி, புதுப்பிப்பு என்று ஒவ்வொரு வாசலிலும் இன்னொருவர் தேவைப்படுகிறார். எழுத்தின் மேல் விரலை ஓட்டிப் பழகுவதற்கும், ஒலியைத் திரும்பத் திரும்பக் கேட்பதற்கும் செயலி நல்ல துணை. அம்மா இன்றும் அதற்குப் பயன்படுத்துகிறார். அது மட்டும் போதும் என்று சொல்ல மாட்டேன்.

வீட்டுப் பாடத்தின் சிக்கல் உறவில் இருக்கிறது. ஒரு வாரம் விட்டுப்போனால், ‘பாவம், உன் நேரத்தையும் வீணாக்குறேன்’ என்ற தயக்கம் அம்மாவுக்கு வந்துவிடும். கேட்காமலே இருந்துவிடுவார். எனக்கு வேலை அதிகமானாலும் பாடம் நின்றது. பதிலுக்கு இன்னொருவர் கிடையாது. இருவரில் எவர் தடைப்பட்டாலும் மொத்தமும் நின்றுவிடும்.

வகுப்புக்கு வருகிறேன். அம்மா ஒரு நீண்ட இடைவெளிக்குப் பிறகு போனபோது டீச்சர், “வாங்கம்மா, இந்தப் பக்கம் உட்காருங்க” என்று புதிதாகச் சேர்ந்த ஒருவர் பக்கத்தில் உட்கார வைத்தார். அந்தப் புதியவர் ‘பால்’ என்பதைப் படிக்கும்போது துணைக்காலை ‘ர’ என்று நினைத்துத் திணறினார். அம்மா அவர் நோட்டில் விரல் வைத்து, “இது ர இல்லக்கா. பக்கத்து எழுத்தை நீட்டுற கால்” என்றார். மறந்துவிட்டதாக வீட்டில் சொல்லிக்கொண்டிருந்த அதே குறி. யாராவது புதிதாக வந்துகொண்டே இருப்பதால் பழைய பாடம் அங்கே ஏதோ ஒரு மூலையில் ஓடிக்கொண்டே இருக்கிறது. திரும்பி வருபவர் வெட்கப்படாமல் அதில் ஒட்டிக்கொள்ளலாம்.

பிரேசிலில் பாவ்லோ ஃபிரெய்ரே என்ற கல்வியாளர் 1963-இல் அங்கிகோஸ் என்ற ஊரில் சுமார் 300 பேருக்கு 40 மணி நேரத்தில் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்த முயற்சியைப் பலரும் மேற்கோள் காட்டுவார்கள். அந்த 40 மணி நேரம்தான் எல்லோர் நினைவிலும் நிற்கிறது. அவர்கள் வட்டமாக உட்கார்ந்து, தங்கள் வேலையையும் வாழ்க்கையையும் பேசி, அந்தப் பேச்சில் வந்த சொற்களிலிருந்தே எழுத்தைப் பிடித்தார்கள் என்பதை நான் அதைவிட முக்கியமாக நினைக்கிறேன். தனியாக ஒரு திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அந்தப் பேச்சு கிடைக்காது.

கணக்கிலும் இதேதான். எழுத்தறியாத பெரியவர்கள் பலர் மனக்கணக்கில் புலிகள். பிரேசிலின் ரெசிஃபே நகரில் தெருவில் பொருள் விற்கும் சிறுவர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்து, 1985-இல் வெளியானது. வியாபாரத்தின்போது கேட்ட கணக்குகளில் 98 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். அதே வகைக் கணக்குகளை வெறும் எண்களாகத் தாளில் கொடுத்தபோது சரியானவை 37 சதவீதம்தான். அவர்கள் சிறுவர்கள் என்றாலும், வகுப்பில் பெரியவர்களிடமும் நான் அதைத்தான் பார்க்கிறேன். நல்ல டீச்சர், “மனசுல எப்படிப் போட்டீங்க, சொல்லுங்க” என்று கேட்டு, அந்த வழியையே பலகையில் எழுதிக் காட்டுகிறார். 35-ஐப் பத்து மடங்காக்க, மூன்று 35 சேர்ந்தால் 105, அந்த 105 மூன்று முறை, அதோடு ஒரு 35 என்று ஒருவர் சொன்னால், அது தப்பில்லை, அதுவும் கணக்குதான் என்று அங்கே தெரிகிறது. நான் பார்த்த செயலிகள் விடையை மட்டுமே கேட்டன.

ஆங்கிலத்தைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். அம்மா பெரிய எழுத்துகள், பெயர், முகவரி, படிவத்தில் வரும் சில சொற்கள் வரைதான் வந்திருக்கிறார். பேச்சு ஆங்கிலத்துக்குத் தனியாக ஒருவரோடு பேசிப் பழகுவது வகுப்பைவிட வேகமாக உதவலாம். இரவு பகல் மாறி வேலை செய்பவர்களுக்கும், எழுத்துகளே தொடர்ந்து இடம் மாறித் தெரிகிறவர்களுக்கும் தனிப் பயிற்சி தேவைப்படும் என்று தோன்றுகிறது. எந்த வழியானாலும் முதலில் கண்ணைப் பரிசோதித்துவிடுங்கள். நாற்பது வயதுக்கு மேல் கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரிவது இயல்பு. கண்ணாடி போட்டால் தீரும் சிரமத்தை ‘மண்டையில ஏறல’ என்று அவர்களே முடிவு கட்டிவிடுவார்கள்.

எல்லா வகுப்பும் இப்படி இருக்காது. வேகமாகப் படிப்பவர்களுக்கு ஏற்றபடி ஓடுகிற வகுப்பும் உண்டு, குழந்தைகளுக்கான புத்தகத்தை அப்படியே நீட்டுகிற வகுப்பும் உண்டு. சேர்ப்பதற்கு முன்னால் ஒரு நாள் சும்மா உட்கார்ந்து பாருங்கள். அப்புறம் நடத்துபவரிடம், “ஒரு மாதம் வர முடியாமல் போனால், திரும்பி வரும்போது எங்கே சேர்வது?” என்று கேளுங்கள். அடுத்த அணி தொடங்கும்வரை காத்திருங்கள் என்று பதில் வந்தால் வேறு வகுப்பு தேடலாம். எப்போது வந்தாலும் இடம் உண்டு என்றால் அன்றைக்கே பெயர் கொடுத்துவிடலாம்.