கையடக்கக் கருவியா, சிற்றலை நிலையமா?

திருகோணமலையில் பேரிடர்காலத் தொடர்புக்கென ஒன்றுசேரும் அமெச்சூர் வானொலித் தொண்டர்கள் (சொந்த வானொலிக் கருவிகளில் ஒருவரோடொருவர் பேசுபவர்கள்), கையிலுள்ள பணத்தை முதலில் எதற்குச் செலவிடுவது என்று தீர்மானிக்க வேண்டியிருக்கும்.

144 மெகாஹேர்ட்ஸ் கையடக்கக் கருவி சுமார் 5 வாட் வலுவில் இயங்குவது, பழகுவதற்கு எளிது. அலை பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வதால், கோணேசர் மலையில் நிற்பவர் கொட்டியாரக் குடாவுக்கு அப்பாலுள்ள மூதூருடன் பேச வாய்ப்புண்டு. ஆனால் அதே கருவி கடைத்தெருக் கட்டடங்களுக்கு நடுவே சில கிலோமீற்றரிலேயே தடுமாறும்.

சிற்றலையின் தன்மை வேறு. ஏறத்தாழ 20 மீற்றர் செப்புக் கம்பியை நடுவில் பிரித்து, இரண்டு பனைகளுக்கிடையே அன்ரெனாவாகத் தாழ்வாகக் கட்டினால், 7 மெகாஹேர்ட்ஸ் அலை பகலில் செங்குத்தாக மேலேறி, வளிமண்டலத்தின் உயரே மின்னூட்டம் பெற்ற படலமான அயனமண்டலத்தில் திரும்பிச் சில நூறு கிலோமீற்றர் சுற்றளவில் இறங்கும். கொழும்பு அந்த எல்லைக்குள் அடங்கும். 2004 சுனாமிக்குப் பின் அம்பாந்தோட்டையிலிருந்து கொழும்புக்குத் தகவல் சென்றதும் சிற்றலையில்தான். இரவில் பெரும்பாலும் 3.5 மெகாஹேர்ட்ஸுக்கு இறங்க வேண்டும். அதற்குக் கம்பியின் நீளம் இரட்டிப்பாகும். 100 வாட் கருவி பேசும்போது 20 அம்பியர் வரை இழுப்பதால், கார் பற்றரியும் அதை நிரப்பும் வழியும் வேண்டும் (பற்றரியை மறந்து கம்பியை மட்டும் தூக்கிவருபவர்கள் எங்கும் உண்டு).

உரிமம் இரண்டுக்கும் வேண்டும். என் தெரிவு, ஒரு சிற்றலை நிலையம் முதலில்; கையடக்கக் கருவிகள் அடுத்து.