கோஎன்சைம் கியூ10 சாஃப்ட்ஜெல் 100 மி.கி: சரக்கு ஓகே, லேபிள் தான் ரொம்ப ஓவர்

அப்பா கொலஸ்ட்ராலுக்கு ஸ்டாட்டின் போடுறாரு. கொலஸ்ட்ரால் தயாராகுற அதே பாதையில பாதி தூரம் வந்து பிரிஞ்சு தான் நம்ம உடம்புல கியூ10-ம் தயாராகுது, ஸ்டாட்டின் அந்தப் பாதைய ஆரம்பத்துலயே அடைக்கிறதால ரத்தத்துல ரெண்டுமே குறையும். அதான் டாக்டர்கிட்ட கேட்டுட்டு இத வாங்கினோம்.

சரக்கு நல்லாவே இருக்கு. ஒரு கேப்சூல கத்தரிச்சுப் பாத்தேன், உள்ள ஆரஞ்சு கலர்ல கெட்டியான எண்ணெய், விரல்ல பட்டா மஞ்சளா ஒட்டிக்குது, தண்ணில விட்டா கரையாம மேல மிதக்குது. இப்படித்தான் இருக்கணும். கியூ10-க்கு 50 கார்பன்ல ஒரு நீள வால் உண்டு, கொழுப்புல மட்டும் தான் கரையும், செல்லுக்குள்ள எனர்ஜி தயாரிக்கிற மைட்டோகாண்ட்ரியாவோட உள்சவ்வுக்குள்ளயே அது சுத்திக்கிட்டு இருக்கிறதும் அதனால தான். எண்ணெயில்லாத வெறும் பவுடர் கேப்சூல் உடம்புல சரியா ஏறாது, இதையும் வெறும் வயித்துல போடாம கொழுப்பு இருக்கிற சாப்பாட்டோட போடுங்க.

லேபிள பாத்தா தான் கடுப்பாகுது. "உடனடி எனர்ஜி"ன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்காங்க. கியூ10 எரிபொருளே கிடையாதுங்க, அது மூட்டை தூக்குற ஆளு. சாப்பாட்டுலேர்ந்து என்ஏடிஹெச்-ங்கிற மூலக்கூறு கொண்டுவர்ற 2 எலக்ட்ரான, அந்த உள்சவ்வுல இருக்கிற காம்ப்ளெக்ஸ் 1-ங்கிற புரதக் கூட்டம் வாங்கி கியூ10 கையில குடுக்கும், இது யூபிகுவினாலா (அதாவது எலக்ட்ரான் ஏத்தின கியூ10-ஆ) மாறி காம்ப்ளெக்ஸ் 3-ல போய் இறக்கிட்டு வெறுங்கையோட திரும்பி வரும், அங்கேர்ந்து சைட்டோகுரோம் சி-ங்கிற சின்னப் புரதம் ஒவ்வொரு எலக்ட்ரானா காம்ப்ளெக்ஸ் 4-க்கு கொண்டு போக கடைசில ஆக்சிஜன் அத வாங்கிட்டு தண்ணியாகும். இந்த ஓட்டத்துல ஒரு என்ஏடிஹெச்சுக்கு 10 புரோட்டான் சவ்வுக்கு வெளிய தள்ளப்படுது, அதுங்க திரும்பி உள்ள வரும்போது தான் சுமார் 2.5 ஏடிபி, அதாவது செல் செலவு பண்ற எனர்ஜி மூலக்கூறு, கிடைக்குது. உடம்புல ஏற்கனவே போதுமான ஆள் இருக்கும்போது இன்னும் நாலு பேர சேத்தா மூட்டை கூடிடுமா? காபி குடிச்ச மாதிரி கிக் எல்லாம் யாரும் எதிர்பாக்காதீங்க.

அதுக்காக வேஸ்ட்னு சொல்ல வரல. 2014-ல வந்த கியூ-சிம்பியோ ஆய்வுல 420 இதய செயலிழப்பு நோயாளிகள்ல பாதிப் பேருக்கு வழக்கமான மருந்தோட சேத்து தினம் 3 வேளை 100 மி.கி குடுத்தாங்க, 2 வருஷத்துல அவங்களுக்கு பெரிய இதயப் பிரச்சனைகள் குறைவா தான் வந்துச்சு. ஸ்டாட்டினால வர்ற தசை வலிக்கு மட்டும் ஆய்வு முடிவுகள் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகல, அப்பாவுக்கும் கால் வலில பெருசா வித்தியாசம் தெரியல.

5-க்கு 3 குடுக்கிறேன். ஒரு ஸ்டார் அந்த எனர்ஜி வாசகத்துக்காக குறைச்சது. இன்னொண்ணு, ரத்தம் உறையாம தடுக்கிற வார்ஃபரின் மருந்தோட வேகத்த கியூ10 குறைக்கலாம், அந்த எச்சரிக்கை டப்பால எங்கயுமே இல்ல. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எடுக்கிறவங்க தயவுசெஞ்சு டாக்டர கேக்காம இத தொடாதீங்க.