கல்லின் நிறத்தைப் பார்த்து ஏமாந்தேன்

கல்லடியில் எங்கள் வளவுக்கு மதில் கட்டுவதற்கு 350 நாலங்குலச் சீமெந்துக் கல் வாங்கினேன். மட்டக்களப்பு நகருக்கு வெளியே, தெருவோரத்தில் கல் அரிந்து, அதாவது அச்சில் வார்த்து, விற்கும் ஓர் இடம். பெயர்ப் பலகைகூட இல்லை. அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

நான் பார்த்தது நிறத்தைத்தான். மற்ற இடங்களில் கல் வெளிறிக் கிடந்தது. இங்கே கறுப்புக்குக் கிட்டிய சாம்பல், விளிம்பெல்லாம் கூர். "சீமெந்து கூடப் போட்டிருக்கம் தங்கச்சி, நிறத்தப் பாருங்க" என்றார் முதலாளி. மணலுக்குப் பதிலாகக் கிரசர் தூளை, அதாவது கருங்கல் உடைக்கும்போது வரும் தூளை, கூடுதலாகப் போட்டாலும் அந்த நிறம் வரும் என்பது எனக்குத் தெரியாது. தூள் கெட்ட சாமான் இல்லை. ஆனால் சீமெந்து குறைந்திருப்பதை அது நன்றாக மறைக்கும்.

இறக்கும்போதே இருபதுக்கு மேல் மூலை உடைந்தது. மேசன் ஐயா இரண்டு கல்லை எடுத்துத் தட்டினார். டொக்கென்றது. "நல்ல கல்லெண்டா கணீரெண்டு கேக்கும் புள்ள." சாவியால் கீறினார், மாவாகக் கொட்டியது. ஒன்றை உடைத்துப் பார்த்தால் உள்ளே இன்னும் ஈரம். அரிந்து மூன்று நாள்கூட ஆகியிருக்காது என்றார்.

அரிந்த கல்லைக் குறைந்தது 7 நாளாவது நனைத்து ஈரமாக வைத்திருக்க வேண்டும். உரிய பலம் வர 28 நாள் பிடிக்கும். நனைக்காமல் வெயிலில் போட்டால் பார்வைக்குக் காய்ந்து, பலமில்லாமலே நின்றுவிடும். பச்சைக் கல்லை வைத்துக் கட்டினால் அது சுவரில் இருந்தபடியே காய்ந்து சுருங்கும். வெடிப்பு அங்கேதான் தொடங்குகிறது.

அளவிலும் களவு. 16க்கு 8 அங்குலம் என்று விற்ற கல், டேப் வைத்தால் பதினைந்தேகாலுக்கு ஏழரை. முகப்பில் பத்தில் ஒரு பங்கு போயிற்று, அந்த இடைவெளிக்கும் என் சாந்துதான்.

திருப்பி அனுப்பியிருக்கலாம். மேசனுக்கு நாள் சொல்லியாயிற்று, மாரிக்கு முன் முடிக்க வேண்டும் என்ற அவசரம். அது என் பிழைதான். போன் எடுத்தபோது முதலாளி "மறுகா பாப்பம்" என்றார், அவ்வளவுதான்.

மழை விட்டு வெயில் பட்டதும் மதில் முழுக்க வெள்ளை பூத்தது. கல்லுக்குள் இருக்கும் உப்பை ஈரம் கரைத்து வெளியே கொண்டுவருகிறது. நீர் காய்ந்ததும் உப்பு மிஞ்சுகிறது. கொஞ்சம் பூப்பது நல்ல கல்லிலும் உண்டு. இது கொஞ்சமில்லை. கடல் மணல் கலந்திருப்பார்கள் என்பது மேசன் ஐயாவின் சந்தேகம். நிரூபிக்க என்னிடம் ஒன்றுமில்லை. நானோ ஹோஸைப் பிடித்துக் கழுவினேன். மறுநாள் இன்னும் கூடப் பூத்தது! கழுவிய நீரோடு உப்பு திரும்ப உள்ளே போகிறதாம். காய்ந்த நாளில், காய்ந்த பிரஷால் தேய்த்து, விழும் தூளைக் கூட்டி அள்ள வேண்டும். பூப்பது ஓயும்வரை பெயின்ட் அடிக்கக் கூடாது, அடித்தால் பாளம் பாளமாக உரியும். மதில் தலையில் தண்ணீர் வழிந்தோடச் சாய்வாகச் சாந்து பூசினோம். ஈரம் ஏறாமலிருக்க, செவ்வரத்தைக்காக அடியில் குவித்திருந்த மண்ணையும் இழுத்துவிட்டோம். இப்போது பரவாயில்லை.

சீமெந்துக் கல்லுக்கு எஸ்எல்எஸ் 855 என்று இலங்கைத் தரக் கட்டளை ஒன்று இருக்கிறது. வாங்குகிற இடத்தில் அதைப் பற்றிக் கேளுங்கள். பில்லில் கல் அரிந்த திகதியை எழுதி வாங்குங்கள். முன்னால் அடுக்கியதை விட்டுவிட்டு, அடுக்கின் நடுவிலிருந்து ஒன்றை எடுத்து உடைத்துப் பாருங்கள். அதற்குக் காசு கேட்டால் கொடுத்துவிடுங்கள். ஒரு பை சீமெந்தில் எத்தனை கல் அரிகிறீர்கள் என்றும் கேளுங்கள். நான் பிந்திப் போய் இதைக் கேட்டேன். "அதெல்லாம் தொழில் ரகசியம் தங்கச்சி" என்று சிரித்தார்.

மிஞ்சிய முப்பது கல் முருங்கைக்குக் கீழே கிடக்கிறது. மழையில் மூலைகள் கரைந்து உருண்டுவிட்டன. கோழிக்கூட்டுக்கு வைக்கலாமா என்று அம்மா கேட்கிறா.