ஹார்ட் டிரைவின்: சாவி போட்டு ஓட்டும் ஆட்டப் பெட்டியோடு ஆறு வருஷம்

நண்பர் ஒருத்தர் நேற்று ராத்திரி போட்டோ அனுப்பினார். யாரோ கிடங்கைக் காலி செய்கிறார்களாம், ஹார்ட் டிரைவின் என்ற பழைய கார் ஓட்டும் ஆர்கேட் ஆட்டப் பெட்டி, உட்கார்ந்து ஓட்டுகிற பெரிய மாடல், மலிவாக வருகிறதாம். "உங்ககிட்டதான் இருக்கே, வாங்கலாமா?" நல்ல நேரம் பார்த்துக் கேட்டார். மூன்றாவது தடவையாக மானிட்டர் ரிப்பேருக்குப் பணம் கட்டிவிட்டு அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்திருந்தேன்.

முதலில் அந்த மானிட்டரைத் திட்டிவிடுகிறேன். திரையில் கோடு கோடாகப் படம் வரைகிற வேகம் பழைய டிவிக்கு 15 கிலோஹெர்ட்ஸ், பழைய கம்ப்யூட்டர் திரைக்கு (விஜிஏ) 31. இந்தப் பெட்டி நடுவில் 25-ல் உட்கார்ந்திருக்கிறது. வீட்டில் கிடக்கிற எந்தத் திரையையும் மாட்ட முடியாது, படம் கோணலாகக் கிழிந்து ஓடும். 512-க்கு 384 புள்ளி என்பது 1989-ல் பெருமைதான். இன்று அந்தப் படக் குழாய் டியூபுக்கு மாற்று தேடி அலைகிறவன் நான். நியூ ஜெர்சி குளிரில், கராஜில் சுவிட்சைப் போட்டால் படம் நேராக நிற்கப் பத்து நிமிஷம். ரிப்பேர்க்காரர் பில்லில் பதினெட்டு கெப்பாசிட்டர் எழுதியிருந்தார். பின்பலகையைக் கழற்றிப் பார்த்தேன்: புதுசாக மின்னியவை நாலு.

கிராபிக்ஸ் பற்றி ஊரே பேசியாகிவிட்டது. இதுதான் முதல் முப்பரிமாண ஆட்டம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1984-லேயே அடாரி 'ஐ, ரோபாட்'டில் பாலிகன், அதாவது பலகோணத் தட்டைகளால் ஆன உருவங்கள், வரைந்துவிட்டது, 1988 கடைசியில் ஜப்பானில் நாம்கோவின் 'வின்னிங் ரன்' வந்துவிட்டது. இந்தப் பெட்டியில் வடிவக் கணக்குக்கு ஏடிஎஸ்பி 2100 என்ற சிப், தீட்டுவதற்கு டிஎம்எஸ் 34010 என்ற சிப். மேல்பூச்சு எதுவும் கிடையாது, எல்லாம் ஒரே நிறத் தட்டைகள். ஆட்டத்தில் வரும் மாட்டை இடித்தால் கத்தும். என் மகளுக்கு அது 'மூ', எனக்கு 'ம்மா' என்றுதான் கேட்கிறது. மோதியதும் அதே விபத்தை மேலிருந்து மறுபடி காட்டுவான் பாருங்கள், பிள்ளைகள் அதற்காகவே வேண்டுமென்று மோதுகிறார்கள்.

ஆனால் நான் இதை வைத்திருப்பது படத்துக்காக இல்லை. சாவிக்காக. நிஜச் சாவி, திருப்பினால்தான் வண்டி கிளம்பும். மூன்று பெடல், நாலு கியர், நடுவில் நியூட்ரல். கிளட்சை மிதிக்காமல் கியர் போடப் பார்த்தால் கியர் கம்பி கையை எதிர்த்து முறைக்கும். பிரேக் எவ்வளவு கீழே போகிறது என்பது கணக்கில்லை, எவ்வளவு பலமாக மிதிக்கிறோம் என்பதுதான் கணக்கு. வளைவில் ஸ்டியரிங் கையைப் பிடித்து இழுக்கும். கார் எப்படி நடக்க வேண்டும் என்று டக் மில்லிக்கன் என்ற வாகனப் பொறியாளரைக் கூட்டிவந்து கணக்குப் போட்டிருக்கிறார்கள். வேலை முடிந்து வந்து, விளக்கைக்கூடப் போடாமல், சாவியைத் திருப்பி இரண்டு சுற்று. ஆட்டப் பாதையில் வரும் தலைகீழ் வளையத்தில் ஏறும்போது இன்னமும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன்.

இவ்வளவு சொல்லிவிட்டு என் பதில்: வாங்காதீர்கள். மலிவாகக் கொடுக்கிறான் என்றால் காரணம் அந்த டியூபுக்குள்தான் இருக்கும். கராஜில் பாதி இடம் போகும், வீட்டில் பேச்சு விழும், மூன்று பில் வரும்.

விற்பவர் நம்பரை மட்டும் எனக்கு அனுப்புங்கள். மானிட்டர் எரிகிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன்.